ஆசிட், கியாஸ் லோடு ஏற்றும் கம்பெனிகளே உஷார்! பாதுகாப்பு ஆலோசகர் எப்போது தேவை?

கோவை:

கோவை அவினாசி ரோடு மேம்பாலத்தில் 2025 ஜனவரி 3-ந் தேதி அதிகாலை கியாஸ் டேங்கர் லாரி ஒன்று கவிழ்ந்தது. கொச்சியில் இருந்து 18 டன் சமையல் கியாசுடன் வந்த லாரி அது. டேங்கர் தனியாகக் கழன்று ரோட்டில் சாய்ந்தது. கியாஸ் கசிய ஆரம்பித்தது.

தீயணைப்பு வீரர்கள் மணிக்கணக்கில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தபடி நின்றார்கள். சுற்றுவட்டாரத்தில் உள்ள பள்ளிக்கூடங்களுக்கு லீவு விடப்பட்டது. கிரேன் வைத்து டேங்கரைத் தூக்கிக் கொண்டு போகும் வரை ஊரே திக் திக் என்று இருந்தது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை.

கேரள மாநிலம் கண்ணூர் அருகே உள்ள சாலா மக்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2012 ஆகஸ்டு 27-ந் தேதி இரவு அங்கே கியாஸ் டேங்கர் கவிழ்ந்து வெடித்தது. ரோட்டோரத்து வீடுகளில் இருந்தவர்கள் உட்பட 20 பேர் பலியானார்கள்.

இப்படி ஒவ்வொரு விபத்து நடக்கும்போதும் டிரைவர் மீது வழக்கு என்று செய்தி வரும். இரண்டு நாளில் மறந்தும் போகும். ஆனால் அந்த லோடை ஏற்றி அனுப்பிய கம்பெனியில், 'இதை இப்படித்தான் ஏற்ற வேண்டும், இந்த வண்டி சரியில்லை, இதை அனுப்பாதே' என்று சொல்வதற்கு ஒரு ஆள் இருந்தாரா? இந்தக் கேள்வியை யாரும் கேட்பது இல்லை.

ஐரோப்பிய நாடுகளில் அப்படி ஒரு ஆள் கட்டாயம் இருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அவருக்குப் பெயர் 'அபாயகரமான சரக்கு பாதுகாப்பு ஆலோசகர்'. எந்தக் கம்பெனிக்கு அவர் தேவை, எதற்குத் தேவை இல்லை, நம்மூரில் நிலைமை என்ன? முழு விவரம் வருமாறு:-

முகாமில் நடந்த பயங்கரம்

1978 ஜூலை 11. ஸ்பெயின் நாட்டில் கடற்கரை ஓரமாக இருந்த லாஸ் அல்பாக்கஸ் என்ற சுற்றுலா முகாம். கோடை விடுமுறைக்கு வந்த குடும்பங்கள் கூடாரம் போட்டுத் தங்கி இருந்தன. முகாமை ஒட்டிய ரோட்டில் புரோப்பிலீன் என்ற தீப்பிடிக்கும் திரவ வாயுவை ஏற்றிக் கொண்டு ஒரு டேங்கர் வந்தது. டேங்கரில் அளவுக்கு மேல் நிரப்பி இருந்தார்கள். முகாம் அருகே வாயு வெளியேறி தீப்பிடித்தது. 200-க்கும் மேற்பட்டோர் கருகி இறந்தார்கள்.

அளவுக்கு மேல் நிரப்பியது டிரைவர் அல்ல. நிரப்பும் இடத்தில் நடந்த தவறு அது. வண்டி கேட்டைத் தாண்டும் முன்பே விபத்துக்கான விதை போடப்பட்டு விட்டது.

அடுத்து 1987 ஜூலை 7. ஜெர்மனியில் ஹெர்போர்ன் என்ற சின்ன ஊர். மலைச்சரிவில் இறங்கி வந்த பெட்ரோல் டேங்கர் ஒன்று பிரேக் பிடிக்காமல் ஊருக்குள் புகுந்து கவிழ்ந்தது. ஐஸ்கிரீம் கடை உள்ளிட்ட கட்டிடங்கள் எரிந்தன. உயிர்களும் பறிபோயின. அந்த நாடே அதிர்ந்தது. 1989-ம் ஆண்டு ஜெர்மனியில் இதற்கென தனி விதி வந்தது. அபாயகரமான சரக்கைக் கையாளும் கம்பெனிகள் அதற்கு ஒரு பொறுப்பாளரை நியமிக்க வேண்டும் என்பதுதான் அந்த விதி.

1996-ல் ஐரோப்பிய யூனியன் இதையே எல்லா உறுப்பு நாடுகளுக்கும் கட்டாயம் ஆக்கியது. 1999-ம் ஆண்டு முடிவதற்குள் அமல்படுத்த வேண்டும் என்று கெடு விதித்தது. இங்கிலாந்திலும் அப்போதுதான் வந்தது. ஐரோப்பிய யூனியனை விட்டு இங்கிலாந்து 2020-ல் வெளியேறி விட்டாலும் இந்த விதியை விடவில்லை.

காரணம், இதற்கு அடிப்படையாக இருப்பது 1957-ல் ஜெனீவாவில் கையெழுத்தான சர்வதேச ஒப்பந்தம். சுருக்கமாக 'ஏ.டி.ஆர்.' என்பார்கள். அபாயகரமான சரக்கை ரோடு வழியாக நாடு விட்டு நாடு கொண்டு போவது பற்றியது. 50-க்கும் மேற்பட்ட நாடுகள் இதில் சேர்ந்துள்ளன. இந்தியா சேரவில்லை.

யாருக்குத் தேவை?

லாரி வைத்திருக்கும் கம்பெனிக்கு மட்டும்தான் இது என்று பலரும் நினைக்கிறார்கள். அது தவறு. அபாயகரமான சரக்கை பேக் செய்பவர், டேங்கில் நிரப்புபவர், வண்டியில் ஏற்றுபவர், ஓட்டிச் செல்பவர், இறக்குபவர் என்று எல்லா கம்பெனிகளும் இந்த வளையத்துக்குள் வரும்.

இதில் ஒரு ஓட்டை இருந்தது. சில டிரேடிங் கம்பெனிகளுக்கு குடோனும் இருக்காது, லாரியும் இருக்காது. போனிலேயே வாங்கி போனிலேயே விற்று பில் போடுவார்கள். சரக்கை ஏற்றுவது யாரோ, ஓட்டுவது யாரோ. 'எங்களுக்கு எதற்கு ஆலோசகர்?' என்று அவர்கள் தப்பித்து வந்தார்கள். 2019-ம் ஆண்டு திருத்தத்தில் சரக்கை அனுப்பி வைப்பவர் பெயரும் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2022 டிசம்பர் 31 வரை அவகாசம் கொடுத்தார்கள். 2023 முதல், சரக்கைத் தொடவே தொடாமல் அனுப்பி வைக்கும் கம்பெனிக்கும் ஆலோசகர் கட்டாயம்.

உள்ளபடியே சொன்னால், இதுதான் சரி. சரக்கு இன்னது என்று காகிதத்தில் எழுதுபவர் அவர்தானே! அவர் தப்பாக எழுதினால் லாரி ஆபீஸ், டிரைவர், தீயணைப்பு வீரர் என்று வரிசையாக எல்லோரும் ஏமாறுவார்கள்.

10-வது கேனில் சிக்கல்

அப்படியானால் ஒரு கேன் ஆசிட் கொண்டு போகும் கடைக்காரர் கூட ஆலோசகர் வைக்க வேண்டுமா? வேண்டாம். அளவு குறைவாக இருந்தால் விலக்கு தரலாம் என்று அதே விதியில் உள்ளது. எது குறைவு என்பதுதான் சுவாரசியமான கணக்கு.

சரக்குகளை ஆபத்தைப் பொறுத்து 5 பிரிவாக, 0 முதல் 4 வரை, பிரித்திருக்கிறார்கள். பூஜ்ஜியம் பிரிவு மகா ஆபத்து. அதில் துளி கூட விலக்கு இல்லை. முதல் பிரிவுக்கு ஒரு வண்டியில் 20 கிலோ அல்லது 20 லிட்டர். இரண்டாவது பிரிவுக்கு 333. மூன்றாவது பிரிவுக்கு 1,000. நான்காவது பிரிவுக்கு உச்சவரம்பு கிடையாது.

பெட்ரோல் இரண்டாவது பிரிவு. எனவே ஒரு வண்டியில் 333 லிட்டர் வரை விலக்கு. டீசல் மூன்றாவது பிரிவு, 1,000 லிட்டர். சமையல் கியாஸ் இரண்டாவது பிரிவில் வருகிறது. நம்மூர் ஓட்டல்களில் உபயோகிக்கும் 19 கிலோ சிலிண்டர் கணக்கில் பார்த்தால், 17 சிலிண்டர் என்றால் 323 கிலோ. தப்பித்து விடலாம். 18-வது சிலிண்டரை ஏற்றினால் 342 கிலோ ஆகி விடும். மாட்டிக் கொள்வார்கள்.

அடர்த்தியான கந்தக அமிலமும் இரண்டாவது பிரிவுதான். 35 லிட்டர் கேன் 9 ஏற்றினால் 315 லிட்டர். 10-வது கேன் ஏறியதும் கோட்டைத் தாண்டி விடும்.

குளோரின், அம்மோனியா ஆகிய விஷ வாயுக்களுக்கு வெறும் 50 கிலோதான். நம்மூரில் தண்ணீர் சுத்திகரிப்புக்கு வரும் பெரிய குளோரின் உருளையில் 900 கிலோ இருக்கும். ஒரே ஒரு உருளை போதும், எல்லையைப் பல மடங்கு தாண்ட.

பட்டாசுக்கும் கணக்கு உண்டு. சாதாரண ரகமாக இருந்தால் 333 கிலோ. கொஞ்சம் வேகமாக எரியும் பெரிய ரகம் என்றால் 20 கிலோ. இது அட்டைப் பெட்டியின் எடை அல்ல, உள்ளே இருக்கும் மருந்தின் எடை.

ஒரே வண்டியில் இரண்டு மூன்று சரக்கு கலந்து ஏற்றினால்? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். முதல் பிரிவு சரக்கை 50-ஆல் பெருக்க வேண்டும். இரண்டாவது பிரிவை 3-ஆல் பெருக்க வேண்டும். மூன்றாவது பிரிவை அப்படியே எடுத்துக் கொள்ள வேண்டும். மொத்தம் 1,000-த்தைத் தாண்டக் கூடாது. உதாரணமாக 200 லிட்டர் பெட்ரோல் என்றால் 600. கூடவே 300 லிட்டர் டீசல். மொத்தம் 900. பிரச்சினை இல்லை. இன்னொரு 150 லிட்டர் டீசலை ஏற்றினால் 1,050. முடிந்தது கதை.

முக்கியமான விஷயம், இந்தச் சலுகை கேன், டிரம், சிலிண்டர் போன்றவற்றுக்கு மட்டுமே. டேங்கர் லாரிக்குக் கிடையாது.

கம்பெனியின் முக்கியத் தொழில் இது இல்லை, எப்போதாவது உள்நாட்டிலேயே ஒன்றிரண்டு லோடு, ஆபத்தும் குறைவு என்றால் அதற்கும் விலக்கு அளிக்க அந்தந்த நாட்டு அரசுக்கு அதிகாரம் உண்டு. ஜெர்மனியில், சொந்தத் தேவைக்காக மட்டும் ஆண்டுக்கு 50 டன் வரை கொண்டு வரும் கம்பெனிகளுக்கு ஆலோசகர் தேவை இல்லை என்று வைத்திருக்கிறார்கள். மகா அபாயகரமான சரக்குகளுக்கு அங்கும் விதி கறாராகத்தான் இருக்கிறது.

அவருக்கு என்ன வேலை?

வருடத்துக்கு ஒரு தடவை வந்து டீ குடித்து விட்டு கையெழுத்து போட்டுப் போவதற்கு அல்ல அவர்.

என்ன சரக்கு போகிறது, அதற்குரிய எண் சரியாக எழுதப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். புது லாரி வாங்கும்போது இந்த சரக்குக்கு இது தோதான வண்டியா என்று சொல்ல வேண்டும். ஏற்றுபவர், இறக்குபவர், டிரைவர் எல்லோருக்கும் பயிற்சி கொடுத்து அதைப் பதிவு செய்ய வேண்டும். ஒப்பந்தத்துக்கு வண்டி எடுத்தால் அந்த லாரிக்காரர் எப்படிப்பட்டவர் என்று விசாரிக்க வேண்டும். வண்டியில் இருக்க வேண்டிய காகிதமும் கருவியும் இருக்கிறதா என்று சோதிக்க வழிமுறை வைக்க வேண்டும்.

விபத்து நடந்தால் ஏன் நடந்தது என்று விசாரித்து நிர்வாகத்துக்கு அறிக்கை தர வேண்டும். பெரிய விபத்து என்றால் ஒரு மாதத்துக்குள் கம்பெனி அரசுக்கும் அறிக்கை தர வேண்டும். இது தவிர ஆண்டு அறிக்கை ஒன்று உண்டு. அதை 5 ஆண்டுகள் பத்திரமாக வைத்திருந்து அதிகாரிகள் கேட்கும்போது காட்ட வேண்டும்.

இந்த வேலைக்கு எழுத்துத் தேர்வு இருக்கிறது. கேள்வி-பதில் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், 'இந்த ஊரில் இருந்து அந்த ஊருக்கு இந்த சரக்கை எப்படி அனுப்புவாய்?' என்று நிஜமான கணக்கு ஒன்று கொடுப்பார்கள். பாஸ் ஆனால் சான்றிதழ். அது 5 ஆண்டுக்குத்தான் செல்லும். பிறகு மறுபடியும் தேர்வு எழுத வேண்டும். எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் பரீட்சை பரீட்சைதான்.

ஆலோசகர் கம்பெனி ஊழியராக இருக்கலாம். முதலாளியே தேர்வு எழுதி ஆலோசகர் ஆகலாம். வெளியில் இருந்து கட்டணத்துக்கு ஒருவரை அமர்த்தலாம். சின்ன கம்பெனிகள் பலவும் செய்வது கடைசி வழிதான்.

ஆனால் ஒன்று. ஆலோசகரை வைத்து விட்டால் முதலாளி கைகழுவி விட முடியாது. ஆலோசகர் சொல்வார், செய்ய வேண்டியது நிர்வாகம். 'அவர்தான் பார்த்துக் கொண்டார், எனக்கு ஒன்றும் தெரியாது' என்று சொன்னால் அங்கே எடுபடாது.

நம்மூரில் என்ன சட்டம்?

இந்தியாவில் இந்தப் பதவி கட்டாயம் இல்லை. அதற்காக சட்டமே இல்லை என்று யாரும் நினைத்து விட வேண்டாம். 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 129 முதல் 137 வரை உள்ள விதிகள் முழுக்க முழுக்க இதைப் பற்றியவைதான். போபால் விஷவாயு பயங்கரத்துக்குப் பிறகு வந்த விதிகள் இவை. படித்துப் பார்த்தால், ஐரோப்பாவில் ஆலோசகர் செய்யும் வேலையில் பாதி இங்கே ஏற்கனவே எழுதி வைக்கப்பட்டிருப்பது தெரியும். யார் செய்வது என்பதில்தான் ஆளுக்கு ஆள் கை காட்டுகிறார்கள்.

சரக்கு அனுப்புபவருக்கு 131-வது விதி. வண்டிக்குப் பதிவு சரியாக இருக்கிறதா, முதலுதவிப் பெட்டி, பாதுகாப்புக் கருவி, விஷமுறிவு மருந்து இருக்கிறதா, டிரைவர் பயிற்சி பெற்றவரா என்று அவர்தான் பார்க்க வேண்டும். சரக்கின் ஆபத்து பற்றிய முழு விவரத்தையும் லாரி உரிமையாளருக்குத் தர வேண்டும்.

லாரி உரிமையாளருக்கு 132. கொடுத்த விவரம் முழுமையாக இருக்கிறதா என்று பார்த்து அதை டிரைவருக்கு எழுத்து மூலமாகத் தர வேண்டும். வாயால் சொன்னால் போதாது.

டிரைவருக்கு 133. 'டிரெம் கார்டு' என்று லாரி ஆபீசில் சொல்வார்களே, அந்த அவசர உதவி அட்டையை கேபினில் கைக்கு எட்டும் இடத்தில் வைத்திருக்க வேண்டும். என்ன சரக்கு, கசிந்தால் என்ன செய்ய வேண்டும், கண்ணில் பட்டால் என்ன முதலுதவி என்று அதில் இருக்கும். விபத்து நடந்தால் உடனே பக்கத்து போலீஸ் நிலையத்துக்கும் வண்டி உரிமையாளருக்கும் சொல்ல வேண்டும் என்கிறது 136-வது விதி.

டிரைவர் லைசென்சிலும் தனி கண்டிஷன் இருக்கிறது. 3 நாள் பயிற்சி முடித்து சான்றிதழ் வாங்கி, லைசென்சில் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். அட்டவணையில் உள்ள ஏதாவது ஒரு இந்திய மொழியும் ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். இந்தப் பதிவு முன்பு ஓராண்டுக்குத்தான் செல்லும். 2019-ம் ஆண்டு சட்டத் திருத்தத்தில் 3 ஆண்டாக ஆக்கினார்கள்.

அந்தப் பலகையில் ஒரு போன் நம்பர்

டேங்கர் லாரியின் இரண்டு பக்கமும் பின்பக்கமும் ஒரு பலகை இருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். 134-வது விதிப்படி வைப்பது அது. சரக்கின் சரியான பெயர், ஐ.நா. எண், ஆபத்தைக் காட்டும் சாய்சதுரப் படம், அவசர உதவிக்கான போன் நம்பர் எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

1203 என்றால் பெட்ரோல். 1202 டீசல். 1075 சமையல் கியாஸ். 1017 குளோரின். 1005 அம்மோனியா. 1830 கந்தக அமிலம். உலகம் முழுக்க இந்த எண்கள் ஒன்றுதான்.

பல டேங்கர்களில் ஒரு எண்ணும் எழுத்துக்களும் சேர்ந்த குறியீடு ஒன்றும் இருக்கும். 1970-களில் லண்டன் தீயணைப்புத் துறை கண்டுபிடித்த முறை அது. 1, 2 என்றால் தண்ணீர் தெளிக்கலாம். 3 என்றால் நுரை. 4 என்றால் தண்ணீர் பக்கமே போகக் கூடாது, உலர்ந்த பொருள்தான். கடைசியில் 'இ' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அக்கம்பக்கத்து மக்களை வெளியேற்றுவது பற்றி யோசிக்க வேண்டும் என்று அர்த்தம்.

அதே பலகையில் இன்னொரு நம்பரும் இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. சரக்கு அனுப்பியவரின் போன் நம்பர், அல்லது நிபுணத்துவமான ஆலோசனை தரக் கூடிய ஒருவரின் நம்பர். விஷயமே இங்கேதான் இருக்கிறது. ஆலோசகர் என்ற பதவியை சட்டம் உருவாக்கவில்லை. ஆனால் நடுராத்திரி 3 மணிக்கு போன் அடித்தால் எடுத்து, 'தண்ணீர் அடிக்கலாம்' அல்லது 'அடிக்காதீங்க' என்று சொல்ல ஒரு ஆள் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. அந்த ஆள் யார்? அவருக்கு என்ன பயிற்சி? அதை விதி சொல்லவில்லை. அந்த நம்பரில் வாட்ச்மேன் எடுத்து, 'சார் காலையில 10 மணிக்குத்தான் வருவாரு' என்றால் பலகை இருந்தும் இல்லாத மாதிரிதான்.

தொழிற்சாலைக்குள் பாதுகாப்பு அதிகாரி வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பெரிய ஆலைகளில் இருக்கவும் செய்கிறார்கள். ஆனால் அவருடைய எல்லை பெரும்பாலும் கம்பெனி கேட்டோடு முடிந்து விடுகிறது. வண்டி கேட்டைத் தாண்டியதும் அது லாரிக்காரர் பாடு.

விமானத்தில் அனுப்பினால் நிலைமை வேறு. அபாயகரமான சரக்கை பேக் செய்பவர் முதல் ஏற்றுபவர் வரை உரிய பயிற்சி இருக்க வேண்டும். கப்பலில் அனுப்பவும் சர்வதேச விதி உண்டு. சென்னை, தூத்துக்குடி துறைமுகத்துக்கு கெமிக்கல் டிரம் அனுப்புகிறவர்களுக்கு இது தெரியும். அதே டிரம் உள்ளூருக்குள் மினி லாரியில் போகும்போது மட்டும் யாரும் கண்டுகொள்வது இல்லை.

'ஜெனரல் கூட்ஸ்' என்ற பெயரில்...

டேங்கராவது பரவாயில்லை. பார்த்தாலே தெரியும். பெரிய எண்ணெய் கம்பெனிகள் டேங்கர்களுக்கு கண்டிஷன் மேல் கண்டிஷன் போடுகின்றன. தென்மாநில கியாஸ் டேங்கர் உரிமையாளர்கள் சங்கத்துக்கு நாமக்கல்தான் தலைமையிடம். 2025 மார்ச் மாதம் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது எதிர்த்த நிபந்தனைகளில், மாற்று டிரைவரோ கிளீனரோ இல்லாவிட்டால் அபராதம் என்பதும் ஒன்று. நிபந்தனை நியாயமா, அபராதம் அதிகமா என்பது தனிக்கதை. அங்கே ஒரு விதியாவது பேசப்படுகிறது.

ஆபத்து அதிகம் ஒளிந்திருப்பது பார்சல் வண்டியில். துணி பேல், சைக்கிள் டயர், பிஸ்கட் பெட்டிகளுக்கு நடுவே நாலு டிரம் கெமிக்கல். பில்லில் 'ஜெனரல் கூட்ஸ்' என்று இருக்கும். உண்மையைச் சொன்னால் வாடகை ஏறும், அல்லது புக்கிங்கே எடுக்க மாட்டார்கள். 'அண்ணே, என்ன லோடு?' என்று செக்போஸ்டில் கேட்டால், 'தெரியல சார், ஏதோ பவுடரு' என்பார் டிரைவர். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு நிஜமாகவே தெரியாது.

திருப்பூர், ஈரோடு சாயப்பட்டறைக்காரர்களுக்கு 'ஹைட்ரோஸ்' நன்றாகத் தெரியும். வெள்ளைப் பவுடர். பார்த்தால் சோடா உப்பு மாதிரி சாதுவாக இருக்கும். கொஞ்சம் ஈரம் பட்டால் தானாகவே சூடேறி தீப்பிடிக்கும், மூச்சுத்திணற வைக்கும் வாயுவைக் கக்கும். அதே பட்டறைக்குப் போகும் இன்னொரு சரக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு. அது தீக்கு ஆக்சிஜன் ஊட்டும் ரகம். இரண்டையும் ஒரே வண்டியில் பக்கத்தில் பக்கத்தில் ஏற்றினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இரண்டும் ஒரே பட்டறைக்கு, ஒரே நாளில் தேவைப்படுகிறது என்றால், ஒரே வண்டியில் ஏற்றத்தான் மனசு வரும். வாடகை மிச்சம். 'கூடாது' என்று சொல்ல அந்த இடத்தில் ஒருவர் வேண்டும்.

கெமிக்கல்தான் ஆபத்து என்றும் இல்லை. 2025 அக்டோபர் 24-ந் தேதி ஆந்திர மாநிலம் கர்னூல் அருகே பெங்களூர் நோக்கி வந்த ஆம்னி பஸ் தீப்பிடித்தது. பைக் ஓட்டி வந்தவர் உட்பட 20 பேர் பலியானார்கள். பஸ்சின் லக்கேஜ் பகுதியில் ஏராளமான செல்போன்கள் பார்சலாக இருந்ததும், அவற்றின் பேட்டரிகள் வெடித்ததும் தீ வேகமாகப் பரவ ஒரு காரணம் என்று கூறப்பட்டது. லித்தியம் பேட்டரியும் சர்வதேசப் பட்டியலில் அபாயகரமான சரக்குதான். 9-வது வகுப்பு.

கம்பெனிகள் என்ன செய்யலாம்?

சட்டம் கட்டாயம் ஆக்கும் வரை காத்திருக்க வேண்டியது இல்லை. டேங்கரில் ஆசிட், கரைப்பான், வாயு எதை வாங்கினாலும் விற்றாலும் ஒரு பொறுப்பாளர் தேவை. அளவைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். டிரம், கேனில் அனுப்புகிறவர்கள் மேலே சொன்ன 333, 1,000 கணக்கை ஒரு அளவுகோலாக வைத்துக் கொள்ளலாம். வாரம் ஒரு தடவை அந்தக் கோட்டைத் தாண்டுகிற கம்பெனி என்றால், கெமிஸ்ட்ரி படித்த ஒரு ஊழியரை இதற்கென ஒதுக்குவது பெரிய செலவு இல்லை.

அவருக்குப் பதவிப் பெயர் முக்கியம் அல்ல, அதிகாரம்தான் முக்கியம். டயர் தேய்ந்த வண்டி வந்தால் திருப்பி அனுப்ப அவருக்கு உரிமை வேண்டும். 'பார்ட்டி அவசரமா கேக்கிறாங்க, இன்னைக்கு மட்டும் விடுங்க' என்று மேனேஜர் சொன்னாலும் முடியாது என்று சொல்லும் இடத்தில் அவர் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் சம்பளம்தான் தண்டம்.

பணக் கணக்கு பார்த்தாலும் இது நஷ்டம் இல்லை. 1991-ம் ஆண்டு பொதுப் பொறுப்பு காப்பீட்டுச் சட்டத்தில், அபாயகரமான பொருளைக் 'கையாளுதல்' என்பதில் வண்டியில் கொண்டு போவதும் அடங்கும். யார் மீது தவறு என்று நிரூபிக்கத் தேவை இல்லாமலே பாதிக்கப்பட்ட பொதுமக்களுக்கு நிவாரணம் தர வேண்டும் என்பது அந்தச் சட்டம். இப்படி ஒரு சட்டம் இருப்பதே சின்ன கம்பெனிகள் பலவற்றுக்குத் தெரியாது.

டேங்கர் கவிழ்ந்தால்...

சமையல் கியாஸ் காற்றை விட கனமானது. மேலே போகாது. தரையோடு தரையாக, சாக்கடை வழியாகப் பரவும். ஒரு லிட்டர் திரவம் சுமார் 250 லிட்டர் வாயுவாக விரியும். வெள்ளைப் புகை மாதிரி தெரியும் இடத்தைத் தாண்டியும் வாயு இருக்கும்.

எனவே டேங்கர் கவிழ்ந்து கிடப்பதைப் பார்த்தால் வேடிக்கை பார்க்கவோ, செல்போனில் படம் எடுக்கவோ கிட்டே போகக் கூடாது. காற்று எந்தப் பக்கம் இருந்து வீசுகிறதோ அந்தப் பக்கமாக, மேட்டுப் பகுதிக்கு விலகிப் போக வேண்டும். பைக்கை ஸ்டார்ட் பண்ணக் கூடாது. பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் கூடாது. பெட்ரோல் டேங்கர் என்றால் குடத்தை எடுத்துக் கொண்டு ஓடுவது தற்கொலைக்குச் சமம்.

பலகையில் உள்ள 4 இலக்க எண் தூரத்தில் இருந்தே தெரிந்தால் குறித்துக் கொள்ளலாம். நன்றாக விலகி வந்த பிறகு 112 அல்லது 101-க்கு போன் செய்து, இடத்தையும் அந்த எண்ணையும் சொன்னால் போதும். என்ன எடுத்துக் கொண்டு வர வேண்டும் என்பதைத் தீயணைப்பு வீரர்கள் அதை வைத்தே முடிவு செய்து விடுவார்கள். சமையல் கியாஸ் கசிவுக்கென 24 மணி நேரமும் இயங்கும் நம்பர் 1906.